இரண்டாவது பேச்சியம்மாள்

போன வாரம் திவ்யா போன் செய்தாள். நான் வேலையை விட்டபோது என் நாற்காலிக்கு வந்தவள் அவள்.

"அக்கா, புது சாஃப்ட்வேர் வந்துருச்சுக்கா. ஒரே ஆளு ரெண்டு விண்ணப்பம் போட்டா அதுவே கண்டுபிடிச்சுத் தள்ளிருது. நாங்க கண்ணு வலிக்கப் பாக்கவே வேணாம். உங்க காலத்துக் கஷ்டம் எங்களுக்கு இல்லக்கா."

என் காலம் என்று அவள் சொன்னது நான்கு வருடங்களுக்கு முன்பு. எனக்கு இப்போது முப்பத்து மூன்று வயது. ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற கட்டுரையை எழுத எனக்கு என்ன தகுதி என்று நானே நாலு தடவை யோசித்துவிட்டேன். ஆனால் இரண்டாவது குழந்தையோடு என் வேலைக்காலம் முடிந்துபோனது. திரும்பிப் போவேன் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

திவ்யாவிடம் நான் ஒன்றுதான் கேட்டேன். "தள்ளுறதை எங்க வைக்குது?" கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அந்தக் கேள்வி எனக்கு ஏன் வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் கணிதம் படித்தேன். பிறகு ஒரு வருடம் கணினிப் பட்டயம். இணையப் பக்கம் எழுதச் சொல்லிக்கொடுத்த அந்த மையத்தில் இணையத் தொடர்பு கிடையாது. கரும்பலகையில் எழுதிப்போட்டதை நோட்டில் எழுதிக்கொண்டோம். இணையத்தை நான் கண்ணால் பார்த்தது மதுரை கோச்சடையில் வேலைக்குச் சேர்ந்த அன்றுதான்.

அது ஒரு தனியார் நிறுவனம். ஒரு வீட்டின் மாடிதான் அலுவலகம். மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி, எழுமலை வரை ஊர் ஊராக எங்கள் சேவை மையங்கள் இருந்தன. மையம் என்றால் ஒரு சின்னக் கடை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர், அதை நடத்த உள்ளூர் ஆள் ஒருவர். இருப்பிடச் சான்று, முதியோர் ஓய்வூதிய மனு, மின்கட்டணம் எல்லாம் அங்கே போடலாம். அதே திரையில் கல்யாண வரன் பதிவும் டிராக்டர் கடன் விளம்பரமும் வரும். சான்று கேட்டு வருகிற மனுக்கள் இணையம் வழியாக எங்களுக்கு வந்து, நாங்கள் சரிபார்த்த பிறகுதான் தாலுகா அலுவலகத்துக்குப் போகும். சரிபார்க்கும் மேசையில் இருந்தது நான்.

வேலை இப்படித்தான். காலையில் முந்தின நாள் பட்டியலைத் திறப்பேன். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, இந்த மூன்றும் ஒன்றாக இருக்கிற மனுக்கள் தனியாக மஞ்சள் நிறத்தில் நிற்கும். அடுத்து நேரத்தைப் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்துக்குள் இரண்டு மனுவும் வந்திருந்தால் அது இரட்டைத் தட்டு. கிராமத்தில் லைன் மெதுவாக இருக்கும். 'அனுப்பு' என்பதைத் தட்டிய பிறகு திரை வெள்ளையாக அப்படியே நிற்கும். மனு போட வந்தவர் முதுகுக்குப் பின்னாலேயே நிற்பார். மையத்துக்காரர் பொறுமை இழந்து இன்னொரு தடவை தட்டுவார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு புது எண் விழுந்துவிடும். அதனால் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை நீக்கிவிட வேண்டும். நீக்கினால் அது எங்கேயும் இருக்காது. எண் வரிசையில் ஒரு எண் இல்லாமல் போகும், அவ்வளவுதான். ஒரு நாளைக்குச் சில சமயம் இருபது கூட நீக்குவேன். டீ குடித்துக்கொண்டே நீக்குவேன்.

எனக்கு மேலே இருந்தவர் மல்லிகா மேடம். முன்பு வங்கி கவுண்டரில் இருந்தவர். எந்தத் தாளையும் கீழேயிருந்து மேலாகத்தான் படிப்பார். முதலில் கையெழுத்து, பிறகு தேதி, கடைசியில்தான் விஷயம். "மேலருந்து படிச்சா அவங்க நம்மள எங்க கூட்டிட்டுப் போகணும்னு நெனைக்கிறாங்களோ அங்கதான் போவோம்" என்பார். குரலை உயர்த்தவே மாட்டார். யாரையும் திருடன் என்று சொன்னதில்லை. "இருக்கட்டும்" என்பார். அவர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டால் அந்த மையத்துக்கு ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். நான் சேர்ந்த வாரத்தில், ஒரு பாட்டியின் ஓய்வூதிய மனுவைப் பார்த்து "பாவமா இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டேன். "பாவம் பாக்க வேற ஆளுக இருக்காங்கம்மா. நமக்குச் சம்பளம் மனுவைப் பாக்குறதுக்கு" என்றார்.

உண்மையைச் சொன்னால் அந்த வேலை எனக்குப் பொருந்தியிருந்தது. நான் இயல்பாகவே சந்தேகப்படுகிறவள். அப்போது என் மூத்தவளுக்கு ஒன்பது மாதம். பக்கத்து வீட்டு ராணியக்காவிடம் விட்டுவிட்டு வருவேன். பால் புட்டியில் பால் எதுவரை இருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டுவிட்டு வருவேன். மாலையில் அந்தக் கோட்டைப் பார்ப்பேன். குறைந்திருந்தால், கொடுத்தாரா கொட்டினாரா என்று யோசிப்பேன். குறையவில்லை என்றால் பிள்ளை பட்டினியா என்று யோசிப்பேன். ராணியக்காவுக்கு அந்தக் கோடு எதற்கு என்று தெரிந்திருந்தது. அவர் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்காகவும் அவரைச் சந்தேகப்பட்டேன்.

அலுவலகத்திலும் இப்படித்தான். எங்கள் புரோகிராமர் இப்ராகிம் அண்ணன் புதுப் பக்கம் ஏதாவது எழுதினால் என்னைத்தான் தட்டிப் பார்க்கச் சொல்வார். கள விசாரணை அறிக்கைக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தார். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் அனுப்ப முடியாது. நான் அதில் எழுத்து எதுவும் அடிக்காமல் ஸ்பேஸ் பட்டையை மட்டும் ஒரு தடவை தட்டினேன். அறிக்கை போய்விட்டது.

"அண்ணே, ஓட்டை."

வந்து பார்த்தார். "ஏம்மா, வெறும் ஸ்பேஸைத் தட்டி எவன் அனுப்பப் போறான்?"

"யாராவது அனுப்புவாங்க அண்ணே."

"ஒன்னயக் கட்டுன மாப்ள பாவம்மா" என்று சொல்லிவிட்டு, சரிசெய்ய வேண்டியவை என்ற பட்டியலில் அதையும் எழுதிக்கொண்டார். அந்தப் பட்டியல் நீளமானது.

இனி எழுமலை விஷயம்.

எழுமலை மையத்தை நடத்தியவர் முருகேஸ்வரி. தையல் கடைக்குள்ளேயே கணினியையும் வைத்திருந்தார். நல்ல வேலைக்காரி. அதனாலேயே மல்லிகா மேடத்துக்கு அவர் மேல் ஒரு சந்தேகக் கண். ஒரு நாள் காலை அவரிடமிருந்து போன் வந்தது.

"மேடம், நேத்து ஒரு இருப்பிடச் சான்று போட்டேன். இன்னைக்கு நிலவரம் பாத்தா அந்த நம்பரே இல்லைங்குது."

பார்த்தேன். த. பேச்சியம்மாள், அப்பா தவசி, ஒரே பிறந்த தேதி, ஒரே வீட்டு எண். இரண்டு மனுக்கள் நான்கு நிமிட இடைவெளியில் வந்திருந்தன. இரண்டாவதை நான் நீக்கியிருந்தேன்.

"ரெண்டு தடவை தட்டிட்டீங்கக்கா. ஒண்ணை எடுத்துட்டேன். முதல் நம்பர் இருக்குது பாருங்க."

"ரெண்டு தடவ தட்டல மேடம். ரெண்டு பேருக்குத் தட்டுனேன்."

"பேரு, அப்பா பேரு, தேதி எல்லாமே ஒண்ணா இருக்கே?"

"ரெண்டு பேருதேன் மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்று மதியம் அதே மனு மறுபடி வந்தது. அடுத்த நாளும் வந்தது. இரட்டைத் தட்டு ஒரு தடவை வரும். விடாமல் வருவது வேறு. பட்டியலை மல்லிகா மேடத்திடம் கொண்டுபோனேன். அதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பிடித்துவிட்டோம் என்கிற சந்தோஷம்.

மேடம் குடும்ப அட்டையின் நகலைக் கேட்டு வாங்கினார். வழக்கம்போல் கீழேயிருந்து படித்தார். தவசி, மனைவி ஒருவர், மகள் பேச்சியம்மாள். அட்டையில் ஒரே ஒரு பேச்சியம்மாள்தான்.

"இரட்டைப் பிள்ளைங்களா இருக்குமோ மேடம்?"

"இரட்டைப் பிள்ளைக்கு ஒரே பேரையா வைப்பாங்க?" என்றார். பிறகு, "இருக்கட்டும்" என்றார்.

ஒரு பெண்ணின் பெயரில் இரண்டு சான்று வாங்கி, ஒன்றை வேறு யாருக்கோ கொடுக்கப் போகிறார்கள் என்பது மேடத்தின் ஊகம். நிரூபணமானால் முருகேஸ்வரியின் மையம் போய்விடும். விஷயம் தாலுகா அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியாது. இன்னொரு பக்கம், மனுவில் தேவை என்ற இடத்தில் 'நர்ஸ் படிப்புச் சேர்க்கை' என்று இருந்தது. சேர்க்கைக்குக் கடைசி நாள் வருகிற வெள்ளி. அன்று திங்கட்கிழமை.

"நீயே போய்ப் பாத்துட்டு வா. பிடிச்சவதான் முடிக்கணும்" என்றார் மேடம்.

மறுநாள் ராணியக்காவிடம் பிள்ளையை விட்டுவிட்டு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். பிள்ளைக்கு நெற்றி கொஞ்சம் சூடாக இருந்ததுபோல் பட்டது. உசிலம்பட்டியில் இறங்கி ஒரு பூத்திலிருந்து ராணியக்காவுக்குப் போன் செய்தேன். "காய்ச்சல்லாம் இல்லம்மா, வெளயாடுது" என்றார். நம்பவில்லை. எழுமலையில் இறங்கியதும் மறுபடி செய்தேன்.

எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். டவுன் தமிழ் எனக்கு நன்றாக வரும், ஆனால் அந்தப் பக்கத்துப் பேச்சு காதில் விழுந்து புரியவே ஒரு நிமிடம் ஆகும். அதனால் எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது. வழி கேட்டால் "எந்தத் தவசி? கண்டக்டரா? எதுக்குக் கேக்குறீக?" என்றார்கள். தவசி அரசு பஸ்ஸில் நடத்துநர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மனுவில் தொழில் என்று கேட்கவில்லை.

கதவைத் தட்டினேன். ஒரு பெண் திறந்தாள். உயரமான பெண், கையில் புளி உருட்டிக்கொண்டிருந்தாள்.

"பேச்சியம்மாள் யாரு?"

"நாந்தேன்" என்றாள். உள்ளேயிருந்து இன்னொரு பெண் எட்டிப்பார்த்தாள். குட்டையானவள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. "நானுந்தேன்" என்றாள்.

இருவரும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் தாளைக் கொண்டுவந்து காட்டினார்கள். இரண்டு தேர்வு எண்கள், இரண்டு புகைப்படங்கள். நான் புகைப்படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இரண்டு பேர்தான். அப்படியானால் அட்டையில் ஏன் ஒருத்தி என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு பார்த்த பிறகும் எனக்குச் சந்தேகம் போகவில்லை என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்போது பின்கட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். பெயர் செல்லத்தாயி. என்னை நிமிர்ந்து பார்த்தவர் என் சேலையைப் பார்த்தார். பால் கட்டி முன்பக்கம் நனைந்திருந்தது. பஸ்ஸிலேயே தெரிந்தது, ஃபைலை வைத்து மறைத்துக்கொண்டிருந்தேன்.

"பச்சப்பிள்ளக்காரியா?"

தலையாட்டினேன்.

"ஒம் பிள்ளைய விட்டுப்பிட்டு எம் பிள்ளைய எண்ண வந்தியாக்கும்."

அவரே என்னை உள் அறைக்கு அழைத்துப்போய், ஒரு கிண்ணமும் துணியும் கொடுத்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்தி, வெளியே எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். நான் பாலைப் பிழிந்துகொண்டிருந்தேன். அவர் அந்தப் பக்கம் பார்த்தபடியே பேசினார்.

அவருடைய அக்காவைத்தான் தவசி முதலில் கட்டினார். ஆறு வருடம் பிள்ளை இல்லை. அக்காவே தங்கையைக் கேட்டுக் கட்டிவைத்தார். கட்டிவைத்த வருடமே அக்கா உண்டாகிவிட்டார். அடுத்த வருடம் இவர். மூத்த பெண்ணுக்கு மாமியார் பெயரைத்தான் வைக்க வேண்டும். அது முறை. இரண்டு பேருக்கும் அது மூத்த பெண்தான். அதனால் பெரிய பேச்சி, சின்னப் பேச்சி. இருவரையும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பிறந்த தேதி என்னவென்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. வாத்தியார் இரண்டு பேருக்கும் ஒரே தேதியைப் போட்டுவிட்டார்.

"அரசாங்க வேலக்காரருக்கு ரெண்டாவது சம்சாரம் இருந்தா வேலய எடுத்துருவாகளாம்ல? அதுனால அட்டையில நான் இல்ல. நான் இல்லைன்னா எம் மவளும் இல்ல. ஊருக்கே தெரியும். மணியக்காரருக்கும் தெரியும், அவரு எழுதிக் குடுப்பாரு. ஒங்க தாளுதேன் நிக்குது." பிறகு, "எம் பேரு எந்தத் தாள்லயும் இல்ல தாயி. இருந்துட்டுப் போவுது. அவ பேரு ஒண்ணுலயாவது இருக்கட்டும்" என்றார்.

வெளியே வந்தபோது குட்டையான பேச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலு நாளா நம்பரத் தட்டிப் பாக்குறேன்க்கா. அப்படி ஒரு ஆளே இல்லைங்குது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் மனு என் கண்ணுக்குள் நின்றது. பெயர், அப்பா பெயர், தேதி, முகவரி. நூறு தடவை பார்த்த பக்கம். அதில் அம்மா பெயருக்குக் கட்டம் இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. ஒரு கட்டம் இருந்திருந்தால் இரண்டு பேரும் இரண்டு பேராகவே வந்திருப்பார்கள். அதே கட்டம் அவர்கள் அப்பாவைக் காட்டிக்கொடுத்தும் இருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தேன். அந்த மனிதரை எனக்குப் பிடிக்கவில்லை. ஊரில் டிக்கெட் இல்லாமல் யாரையும் ஏற்றமாட்டாராம், பஸ் ஏறும் முன் தையல் கடையில் பார்த்தபோது முருகேஸ்வரி சொல்லிச் சிரித்தார். அவரை நான் காப்பாற்ற வேண்டுமா? ஆனால் அவருக்கு வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

புதன்கிழமை காலையில் கள விசாரணைப் பக்கத்தைத் திறந்தேன். 'மனுதாரரை நேரில் பார்த்தீரா?' ஆம். 'குடும்ப அட்டையில் பெயர் உள்ளதா?' இல்லை. 'காரணம்.' அதன் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. உண்மையை எழுதவும் வரவில்லை. இப்ராகிம் அண்ணனின் பட்டியல் எதுவரை வந்திருக்கிறது என்று தெரியாது. ஸ்பேஸ் பட்டையை ஒரு தடவை தட்டினேன். 'அனுப்பு' என்பதைத் தட்டினேன். திரை வெள்ளையாக நின்றது. இன்னொரு தடவை தட்டிவிடக் கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். போய்விட்டது.

மதியம் மல்லிகா மேடம் கூப்பிட்டார். அறிக்கையை அச்செடுத்து வைத்திருந்தார். விரல் கடைசி வரியில் இருந்தது.

"காரணம்னு போட்டுருக்கு. ஒண்ணும் இல்லையே?"

"ரெண்டு பேரு மேடம். நேர்ல பாத்தேன். ரெண்டு மார்க் சீட்டும் பாத்தேன்."

"நான் அதைக் கேக்கலை."

என் வாழ்க்கையில் ஒரு மேலதிகாரியிடம் பதில் சொல்லாமல் நின்றது அந்த ஒரு தடவைதான். அவர் கீழேயிருந்து மேலாக முழுவதையும் இன்னொரு தடவை படித்தார். மேலே வந்ததும் 'பேச்சியம்மாள்' என்பதில் விரலை வைத்தார்.

"ஒன்னை நான் நம்பலை ஜெயந்தி. எங்கிட்ட நீ எதையோ மறைக்கிற. ஆனா போய்ப் பாத்தவ நீதான், நான் இல்லை." கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிய பிறகு, "அந்த ஸ்பேஸ் ஓட்டைய இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள அடைக்கச் சொல்லு" என்றார். இப்ராகிம் அண்ணன் அன்றே அடைத்துவிட்டார்.

வியாழக்கிழமை சான்று போனது. சின்னப் பேச்சிக்கு இடம் கிடைத்தது என்று சில மாதம் கழித்து முருகேஸ்வரி சொன்னார். பெரிய பேச்சிக்குக் கிடைக்கவில்லை. நான் சரியாகச் செய்தேனா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அம்மா பெயருக்கு ஒரு கட்டம் வேண்டும் என்று பிறகு எழுதிக் கொடுத்தேன். தாலுகா படிவத்தில் இல்லாததை நாம் கேட்க முடியாது என்று பதில் வந்தது. பால் புட்டியில் கோடு போடுவதை மட்டும் அந்த வாரத்தோடு நிறுத்தினேன்.

என்னை அரிப்பது அந்த ஒரு வழக்கு இல்லை. முருகேஸ்வரி விடாமல் அனுப்பியதால் சின்னப் பேச்சி எனக்குத் தெரியவந்தாள். அதற்கு முன்பு இரண்டு வருடம் நான் டீ குடித்துக்கொண்டே நீக்கியவை எத்தனை? எல்லாமே இரட்டைத் தட்டுதானா? 'அப்படி ஒரு ஆளே இல்லை' என்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர்? நீக்கியது எங்கேயும் இருக்காது. எனவே எண்ணிப் பார்க்கவும் வழியில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, நிறுத்திவிடலாமா, யாருக்கு இது வேண்டும் என்று வைத்திருந்தேன். நேற்று சின்னவனைத் தூங்கவைத்துக்கொண்டிருக்கும்போது திவ்யா கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்க கேட்டதை மேடத்துக்கிட்ட கேட்டேன். தள்ளுறதை அது எங்கயும் வைக்கலையாம்."

"மேடம் என்ன சொன்னாங்க?"

"யாரு கேக்கச் சொன்னான்னாங்க. உங்க பேரைச் சொன்னேன். 'இருக்கட்டும்'னாங்க. எனக்குப் பயமாப்போச்சு. ஆனா இன்னைக்குக் காலையில தள்ளுறதையெல்லாம் ஒரு பட்டியலாப் போடச் சொல்லி வச்சிருக்காங்க. மொதப் பட்டியல் வந்துருச்சுக்கா. ஒம்பது இருக்கு. எட்டு இரட்டைத் தட்டு, பாத்தாலே தெரியுது."

"ஒம்பதாவது?"

"அது உசிலம்பட்டிப் பக்கம். ஒரே பேரு, ஒரே அப்பா. நேரம் மட்டும் இருவது நிமிசம் தள்ளி வந்திருக்கு. அதுவும் தட்டாத்தான் இருக்கும்ல?"

"மையத்துக்குப் போன் போட்டியா?"

"இல்லக்கா. சாயந்தரமாப் போடுறேன்."

சின்னவன் தூக்கத்தில் புரண்டான். குரலைத் தணித்துக்கொண்டேன்.

"இப்பவே ஆபீஸ் போன்ல போடு. செல்லை வைக்காத. நான் லைன்லயே இருக்கேன்."